மினாங்கபாவ் வழக்காறும் ஆகுமான சுற்றுலாவும்

முன்னுரை

வழிச்செல்வோர்க்கு உணவும் உறையுளும் நல்குதல் எல்லா நாட்டு மக்களிடத்தும் காணப்படும் பண்பாகும். ஆயின், எவ்வுணவை எவ்வாறு படைப்பது, புதியவரை இல்லத்தின் எப்பகுதிவரை அழைத்துச் செல்வது, அவர்பால் எவற்றை எதிர்பார்ப்பது என்பன நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இவ்வேறுபாடுகளை வரையறுப்பன இரண்டு. ஒன்று அம்மக்கள் தழுவிய சமயம்; மற்றொன்று அச்சமயம் வருதற்கு முன்பிருந்தும், வந்த பின்னர் அதனோடு கலந்தும் வழங்கிவரும் வழக்காறு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு உறவுகொள்கின்றன என்பதைக் காண்பதற்கு, இந்நாளில் 'ஹலால் சுற்றுலா' என வழங்கப்பெறும் ஏற்பாடு நல்லதோர் ஆய்வுக்களமாக அமைகின்றது.

ஹலால் சுற்றுலாவாவது, இசுலாமியர் தம் மார்க்கக் கடமைகளுக்கு ஊறு நேராவண்ணம் பயணம் செய்தற்கு வேண்டிய உணவு, உறையுள், தொழுமிடம் முதலியவற்றை அமைத்துத் தருவதாகும். இந்தோனேசிய நாட்டின் மேற்குச் சுமத்திரா மாநிலம் 2016-ஆம் ஆண்டின் உலக ஹலால் சுற்றுலா விருதுகளில் சிறந்த ஹலால் சுற்றுலாத் தலம் எனவும், சிறந்த ஹலால் உணவுத் தலம் எனவும் தேர்ந்தெடுக்கப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் அந்நாட்டின் உலோம்போக் தீவு இத்தகைய சிறப்பினைப் பெற்றிருந்தது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மேற்குச் சுமத்திராவின் பெரும்பான்மையோரான மினாங்கபாவ் மக்கள், உலகில் இன்றுள்ள தாய்வழிச் சமுதாயங்களுள் மிகப் பெரியதெனக் கருதப்படும் சமுதாயத்தினர். அவர்களிடையே குடியும் குலச்சொத்தும் தாய்வழியே செல்வன, இல்லம் மகளிர்க்குரியது, கணவன் மனைவியின் இல்லத்தில் ஒருவகை விருந்தினனாகவே வாழ்வான். இசுலாமியச் சட்டமோ குடிவழியைத் தந்தைவழியாகவே கொள்கின்றது. சொத்துரிமையில் ஆண், பெண் இருபாலார்க்கும் பங்கு வகுக்கின்றது. இங்ஙனம் மார்க்கச் சட்டத்தினின்றும் வேறுபட்ட வழக்காற்றையுடைய ஒரு நாடு, மார்க்கத்திற்கு இயைந்த பயணத்திற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பெற்றது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

'ஹலால்' என்னும் அரபுச் சொல் கட்டவிழ்த்தல் என்னும் பொருளுடைய வேரினின்றும் பிறந்தது. கட்டுப்படுத்தப்படாதது, விடுவிக்கப்பெற்றது என்பது அதன் அடிப்பொருள். தமிழ் முசுலிம்கள் இதனை 'ஆகுமானது' எனவும், இதன் மறுதலையாகிய 'ஹராம்' என்பதனை 'ஆகாதது', 'விலக்கப்பெற்றது' எனவும் வழங்குவர். ஆகுமானது என்னும் இம்மொழியாக்கம் பெரிதும் பொருத்தமுடையது. ஹலால் என்றவுடன் பன்றியிறைச்சியும் மதுவும் நீக்கப்பட்டது என்று எதிர்மறையாகவே பொருள்கொள்வாருளர். ஆயின் சொல்லின் இயல்பு உடன்பாட்டுப் பொருளதாகும். மார்க்கச் சட்ட நூலார் மாந்தர் செயல்களைக் கடமை, விரும்பத்தக்கது, பொதுவாக ஆகுமானது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பெற்றது என ஐவகைப்படுத்துவர். இவற்றுள் நடுவணதாகிய 'முபாஹ்' என்னும் பொதுநிலைப் பரப்பே மிக விரிந்தது. எத்தகைய வீட்டில் வாழ்வது, எவ்வாறு சமைப்பது, வந்தாரை எங்ஙனம் வரவேற்பது என்பனவெல்லாம் பெரும்பாலும் இப்பரப்பில் அடங்கும். இப்பரப்பினுள் மார்க்கம் உருவம் வகுத்துரைப்பதில்லை. அதனை மக்களின் வழக்காற்றிற்கு விட்டுவிடுகின்றது.

மினாங்கபாவ் மக்கள் தம் வழக்காற்றினை 'அதாத்' என்பர். இச்சொல்லும் அரபு மொழியினின்றும் வந்ததே என்பது நோக்கத்தக்கது. தமக்கே உரிய பழைய வழக்கினைச் சுட்டுதற்கும் சமயத்தின் வழியே வந்த சொல்லையே அவர்கள் மேற்கொண்டுள்ளனர். வழக்கிற்கும் மார்க்கத்திற்குமுள்ள உறவினை அவர்கள் ஒரு முதுமொழியால் விளக்குவர். வழக்கு ஷரீஅத்தைச் சந்தியாகக் கொண்டது. ஷரீஅத் இறைமறையைச் சந்தியாகக் கொண்டது என்பது அதன் கருத்து. இதில் வரும் 'சந்தி' என்பது வடசொல். நம் இலக்கண நூல்களிலும் புணர்ச்சி என்னும் பொருளில் பயில்வது. மினாங்கபாவ் மொழியில் அது வீட்டுத் தூணின் கீழ் இடப்படும் அடிக்கல்லைக் குறிக்கும். அவர்தம் பெருமனைகளில் தூண்கள் மண்ணில் புதைக்கப்படுவதில்லை. தட்டையான கற்களின்மேல் நிறுத்தப்படுகின்றன. நிலநடுக்கம் மிகுந்த அந்நாட்டில், நிலம் அசையுங்கால் தூண் கல்லின்மேல் சிறிதே இடம்பெயர்ந்து, வீடு சிதையாமல் நிற்கும். ஆகவே அம்முதுமொழி கூறும் உறவு, ஒன்றனுள் ஒன்று புதைந்து மறையும் உறவன்று. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நின்று, தத்தம் இயல்பு கெடாமல் தாங்கும் உறவாகும்.

2. பயணியும் மார்க்கமும்

பயணம் இசுலாத்திற்குப் புறம்பானதன்று. பூமியில் பயணம் செய்து முன்னோர்தம் முடிவினைக் கண்டறியுமாறு திருக்குர்ஆன் பலவிடங்களில் ஏவுகின்றது. சக்காத்து என்னும் கட்டாயக் கொடைக்கு உரியவராக எண்ணப்பெற்ற எண்வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். பயணிக்கு நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கவும், இருவேளைத் தொழுகையை இணைக்கவும், நோன்பினைப் பிறிதொரு நாளுக்குத் தள்ளிவைக்கவும் சலுகை உண்டு. விருந்தினரை மூன்று நாள் ஓம்புதல் நபிகள் நாயகத்தின் அறவுரைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

இவற்றினின்றும் பயணி வேண்டுவன யாவை என்பது எளிதில் பெறப்படும். ஆகுமான உணவு, தூய நீர், தொழுவதற்கோர் இடம், தொழுதிசை அறிதல், நாணத்திற்கு ஊறு செய்யாத உறையுள் என்பன அவை. இந்தோனேசிய உலமாக்கள் பேரவையின் தேசிய ஷரீஅத் குழு 2016-ஆம் ஆண்டில் 108-ஆம் எண்ணுடைய மார்க்கத் தீர்ப்பின் வாயிலாக இத்தேவைகளை விதிகளாக வகுத்தது. விடுதிகளில் மதுவும் தகாத காட்சிகளும் இருத்தலாகாது, தொழுகைக்கு வேண்டுவன அமைதல் வேண்டும், பணம் தொடர்பான செயல்கள் ஷரீஅத் முறைப்படி இயங்கும் நிறுவனங்களின் வழியே நிகழ்தல் வேண்டும் என்பன போன்றவை அதன்கண் உள்ளன.

இவ்விதிகளை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இவை எந்நாட்டிற்கும் பொதுவானவை. இவற்றைப் பின்பற்றும் விடுதி எந்நகரில் இருப்பினும் ஒரே தன்மையதாக இருக்கும். ஆயின் மேற்குச் சுமத்திராவிற்குச் செல்லும் பயணி இவற்றுக்காக மட்டும் அந்நாட்டை நாடுவதில்லை; இவற்றைத் தன் ஊரிலேயே பெறலாம். அவர் நாடுவது, மார்க்கத்திற்கு முரணாகாமல், அதே வேளையில் பிறிதோரிடத்தில் காணவியலாத வாழ்வினை. அதனைத் தருவது வழக்காறே.

3. வழக்கும் ஷரீஅத்தும்

வழக்காற்றிற்கு மார்க்கச் சட்டத்தில் இடமுண்டா எனின், உண்டு என்க. மறையின் தெளிந்த விதிக்கு மாறுபடாத வழக்கு தீர்ப்பிற்குரிய சான்றாகும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூலாரும் பிறரும் ஏற்ற பொதுவிதிகளுள் ஒன்று. இந்தோனேசியர் பின்பற்றுவது இம்மத்ஹபையே. தமிழகக் கடற்கரை வாழ் மரைக்காயர் பின்பற்றுவதும் இதுவே.

மினாங்கபாவ் அறிஞர் தம் வழக்கினை நால்வகைப்படுத்துவர். இயற்கையின் மாறா நெறியாக இறைவனால் அமைக்கப்பெற்றது முதலாவது. முன்னோரால் வகுக்கப்பெற்ற தாய்வழி முறை போன்ற அடிப்படை அமைப்பு இரண்டாவது. 'நகரி' எனப்படும் ஊர்க்குழுவினர் கூடி ஏற்றுக்கொண்டது மூன்றாவது. சடங்கு, ஆடல், விழா முதலியன நான்காவது. முதலிரண்டும் எளிதில் மாறா. பின்னிரண்டும் ஊர்தோறும் வேறுபடும், காலந்தோறும் மாறும். குளம் வேறாயின் மீனும் வேறாம் என்னும் கருத்துடைய பழமொழி அவரிடை வழங்குகின்றது. விருந்தினரை ஏற்கும் முறைகள் பெரும்பாலும் பின்னிரு வகைகளின்பாற்படும். ஆகவேதான் அவை புதிய தேவைகளுக்கு இடங்கொடுத்து வளர இயன்றது.

இவ்விணக்கம் போராட்டமின்றி வந்ததன்று. 1803-ஆம் ஆண்டளவில் மக்காவினின்றும் திரும்பிய ஹாஜிமார் மூவரின் சீர்திருத்த முயற்சி, பாத்ரி இயக்கமாக வளர்ந்தது. சேவற்போர், சூது, கள் முதலியவற்றை அவ்வியக்கத்தார் ஒழிக்க முற்பட்டனர். வழக்குத் தலைவர்கள் எதிர்த்தனர். உள்நாட்டுப் பூசலாகத் தொடங்கிய அது, 1821-இல் ஒல்லாந்தர் தலையிட்டதும் பெரும்போராயிற்று. 1837-இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. அதன் தலைவர் இமாம் போஞ்சோல் நாடு கடத்தப்பெற்று, 1864-இல் மனாடோவில் மறைந்தார். மராபாலம் குன்றின்மேல் உலமாக்களும் வழக்குத் தலைவர்களும் கூடி மேற்கூறிய முதுமொழியை உடன்படிக்கையாக ஏற்றனர் என்பது மரபு வழிச் செய்தி. அது நிகழ்ந்த காலம்பற்றிக் கருத்து வேறுபாடுண்டு. எனினும் அம்முதுமொழியின் பின்னே குருதி சிந்திய வரலாறு உண்டென்பதில் ஐயமில்லை.

சொத்துரிமை பற்றிய வழக்கும் நெடுநாள் நிகழ்ந்தது. மக்காவின் பெரும்பள்ளியில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாக விளங்கிய சேகு அகமது கத்தீபு அல் மினாங்கபாவி (1860–1916) தாய்வழிச் சொத்துரிமையை மிகக் கடுமையாக மறுத்தார். அவர்தம் மாணவரான ஹாஜி ரசூலோ, வழிவழி வந்த குலச்சொத்தைத் தனியொருவர் விற்கவியலாத அறக்கொடைச் சொத்துப் போன்றதாகக் கருதி அமைதி கண்டார். அதனால், குலச்சொத்து தாய்வழியிலும், ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது மார்க்கப் பங்கீட்டின் வழியிலும் செல்வது என்னும் பகுப்பு வலுப்பெற்றது.

பாடாங் நகரிலுள்ள மாநிலப் பெரும்பள்ளிவாசல் இவ்வரலாற்றினை ஒருங்கே காட்டுகின்றது. அதன் கூரை மினாங்கபாவ் பெருமனையின் கொம்பு போல் வளைந்த முகடுகளை நினைவூட்டும் வகையிலும், கருங்கல்லைக் குலத்தலைவர்கள் ஏந்திச்சென்ற போர்வையின் நான்கு முனைகளைச் சுட்டும் வகையிலும் அமைந்துள்ளது. கும்மட்டம் அதற்கில்லை. பள்ளிவாசற் கட்டடக்கலைக்கென வழங்கப்பெறும் அப்துல்லத்தீப் அல் பவுசான் விருதினை அது 2021-இல் பெற்றது. அப்பள்ளிக்கு 2024-இல் இடப்பெற்ற பெயரோ, தாய்வழி வழக்கினை மறுத்த சேகு அகமது கத்தீபின் பெயரே. வழக்கின் வடிவும் வழக்கினை மறுத்தவர் பெயரும் ஒரு கூரையின்கீழ் அமைந்தன. சுற்றுலாப் பயணிகள் தவறாது காணும் இடங்களுள் இஃது ஒன்று.

4. இல்லமும் உறையுளும்

மினாங்கபாவ் பெருமனையின் பின்புறத்தில் அறைகள் வரிசையாக அமைந்திருக்கும். அவை அம்மனையின் மணமான மகளிர்க்குரியவை. முன்புறம் தடுப்பின்றி நீண்ட கூடமாக விளங்கும். வளர்ந்த ஆண்மக்களுக்கு அங்கு அறையில்லை. சிறுவர் பருவம் எய்தியதும் 'சுராவ்' எனப்படும் சிறு தொழுகைக்கூடத்தில் இரவில் தங்குவர். அங்கு ஓதக் கற்பர், தற்காப்புக்கலை பயில்வர், பெரியோர் உரை கேட்பர். ஊர்வழிச் செல்லும் வணிகரும் பயணிகளும் தங்கியதும் அங்கேயே.

இவ்வமைப்பினைக் கூர்ந்து நோக்கினால், இந்நாளைய ஹலால் விடுதி வேண்டுவனவற்றை வழக்காறு முன்னரே அமைத்திருந்தமை தெளிவாகும். அயல் ஆடவர் மகளிர் வாழும் அறைகளை அணுகாமை, தொழுமிடமும் உறையுளும் அடுத்திருத்தல், நீர்த்துறை அருகிருத்தல் ஆகிய மூன்றும் சுராவில் இயல்பாக அமைந்தன. மராப்பி மலைச் சாரலிலுள்ள தொன்மை வாய்ந்த பாரியாங்கான் நகரியில், பள்ளிவாசலை அடுத்து வெந்நீர் ஊற்றுகளும் குளிப்பிடங்களும் உள்ளன. தொழவருவோர் உடல் தூய்மை செய்தற்கு அமைந்த அவ்விடம் இன்று பயணிகளையும் ஈர்க்கின்றது.

இக்காலத்தில் சில நகரிகளில் பெருமனைகளே பயணிகள் தங்கும் இல்லங்களாகின்றன. அங்கு மற்றொரு செய்தி கருதத்தக்கது. பெருமனை குலச்சொத்தாதலின் அதனைத் தனியொருவர் விற்றல் இயலாது; அதன் ஆட்சியில் மூத்த மகளிர்க்கு முதன்மையான இடமுண்டு. எனவே வருவோரை ஏற்பதும், அவர்க்குச் சமைப்பதும், இன்னது செய்யலாகாது என அறிவுறுத்துவதும் அம்மகளிர்பாலனவாக அமைகின்றன. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓரறையில் தங்குதற்குப் பொதுவாக அங்கு இசைவில்லை. இதனை ஷரீஅத் விதியென்றும் கூறலாம். குடியின் மானம் காக்கும் வழக்கென்றும் கூறலாம். அவ்வில்லத்து முதியவளுக்கு இரண்டும் ஒன்றே. முன்னர் எழுப்பிய வினாவிற்கு ஒருபகுதி விடை இங்குக் கிடைக்கின்றது. ஷரீஅத்தினின்றும் வேறுபட்டதாகத் தோன்றிய தாய்வழி முறையே, விருந்தோம்பலில் ஷரீஅத்தின் நோக்கத்தைக் காக்கும் கருவியாகவும் அமைந்துள்ளது.

5. உணவும் அதன் உரிமையும்

மினாங்கபாவ் இளைஞர் பொருளும் கல்வியும் அறிவும் தேடி அயலூர் செல்லும் வழக்கினை 'மராந்தாவ்' என்பர். இவ்வாறு சென்றவர்களால் பாடாங் உணவகங்கள் இந்தோனேசியா முழுவதும் பரவின. அந்நாட்டு மொழியில் கடையைக் குறிக்கும் 'கெடாய்' என்னும் சொல் தமிழினின்றும் சென்றது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். அவ்வுணவகங்களில் பல சிறு தட்டுகளில் கறிவகைகளை ஒருங்கே பரப்பி வைப்பர். உண்டதற்கு மட்டும் விலை கொள்வர். விழாக் காலங்களில் பலர் ஒரு பெருந்தட்டைச் சூழ்ந்தமர்ந்து உண்ணும் வழக்கமும் உண்டு.

அவ்வுணவுகளுள் தலையாயது 'ரெந்தாங்'. மாட்டிறைச்சியையோ எருமையிறைச்சியையோ தேங்காய்ப் பாலிலும் மசாலையிலும் நீர் முற்றும் வற்றும்வரை பல மணிநேரம் சமைப்பர். அது கெடாமல் நெடுநாள் இருக்குமாதலின் தொலைவழிச் செல்வார்க்குக் கட்டுச்சோறாயிற்று. அதன் பொருள்களுக்கு மக்கள் குறிப்புப்பொருள் கூறுவர். இறைச்சி குலத்தலைவரையும், தேங்காய் அறிவுடையோரையும், மிளகாய் உலமாக்களையும், பிற மசாலைகள் ஊர்மக்களையும் குறிக்குமாம். உலமாக்களை மிளகாய்க்கு ஒப்பிட்டது, அவர்தம் அறவுரை உறைக்கும் என்பது பற்றிப் போலும். ஒரு கறியினுள் தம் சமுதாய அமைப்பினையே அவர்கள் காண்கின்றனர்.

இதன் ஆற்றல் 2022-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சகார்த்தா நகரில் ஓர் உணவகம் பன்றியிறைச்சியால் ரெந்தாங் செய்து விற்றது என்னும் செய்தி பரவியபோது, மினாங்கபாவ் மக்களிடையே பெருங்கிளர்ச்சி எழுந்தது. சட்ட நோக்கில் ஆராயின், முசுலிம் அல்லாதார் பன்றியிறைச்சி உண்பதை ஷரீஅத் தடுக்கவில்லை. விற்றவரும் அஃது இன்ன இறைச்சி என்பதை மறைத்தாரல்லர். எனவே அங்கு எழுந்த குறைபாடு முற்றிலும் ஷரீஅத்தைச் சார்ந்ததன்று. ரெந்தாங் என்னும் பெயரே ஆகுமான உணவு என்பதற்கு உறுதிமொழியாக நெடுங்காலம் நின்றது. அவ்வுறுதி குலைகின்றது என்பதே அவர்தம் வருத்தம். அது வழக்கு சார்ந்த வருத்தமாகும். 'மினாங்கபாவ் உணவு ஆகுமானது' என்னும் நம்பிக்கை சான்றிதழால் உண்டானதன்று; பல தலைமுறை வழக்கால் உண்டானது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

6. விழாவும் விருந்தும்

விருந்தினர் வருங்கால் 'சாரானோ' என்னும் கலத்தில் வெற்றிலையும் பாக்கும் வைத்து நீட்டி, நயவுரை கூறி வரவேற்பர். இதனை மார்க்கம் விதிக்கவுமில்லை; விலக்கவுமில்லை. முபாஹ் என்னும் பரப்பில் வழக்காறு இயற்றும் அழகிற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

விழாக்களின் நிலை இத்துணை எளிதன்று. பரியாமான் என்னும் கடற்கரை நகரில் முகர்ரம் மாதத்தில் 'தாபுயிக்' விழா நிகழ்கின்றது. கர்பலாவில் உயிர்நீத்த உசைன் அவர்களின் நினைவாகப் பெருங்கூடுகள் அமைத்து ஊர்வலமாகக் கொணர்ந்து கடலில் விடுவர். பெங்கூலுவில் ஆங்கிலக் கம்பெனியின்கீழ்ப் பணியாற்றிய இந்தியப் படைவீரர் வழியே இது வந்ததென்பர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் பெங்கூலுவைவிட்டு நீங்கினர்; அதன் பின்னர் இவ்விழா பரியாமானில் வேரூன்றியது. சீயா மரபில் தோன்றிய இவ்விழாவைச் சுன்னத்து நெறியினரான அவ்வூர் மக்கள் தம் ஊர்வழக்காக ஏற்றுள்ளனர். இது மார்க்கத்திற்கு இயைந்ததா என வினவும் உலமாக்களும் உளர். மற்றொரு புறத்தில், பயணிகள் திரளாக வருதற்பொருட்டு விழாவின் நிறைவுநாளைச் சில ஆண்டுகளில் வார இறுதிக்கு மாற்றுகின்றனர். ஆஷூரா என்பது முகர்ரம் பத்தாம் நாள். அந்நாளை விட்டு ஞாயிற்றுக்கிழமையில் நிகழும் விழா யாருடையது? மார்க்கத்தினதா, வழக்கினதா, வருவோரதா என்னும் வினா இங்கு எழாமலில்லை.

தமிழர்க்கு நெருங்கிய தொடர்புடைய விழா ஒன்றும் உண்டு. பாடாங் நகரில் இந்திய வழியினரான முசுலிம்களின் முகம்மதன் பள்ளிவாசலில், சமாதுல் ஆகிர் மாதப் பிறப்பில் 'செராக் குலோ' என்னும் சர்க்கரை இறைக்கும் விழா நடைபெறுகின்றது. வண்ணத்துணிகளில் முடிந்த சர்க்கரைப் பொதிகளைப் பள்ளியின் மேற்றளத்தினின்றும் வீசுவர். கீழே குழுமியோர் இன, சமய வேறுபாடின்றி அவற்றை ஏந்துவர். இவ்விழா நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக எடுக்கப்படுவது. நாகூரில் கந்தூரி தொடங்கும் அதே மாதப் பிறப்பில், கடல்கடந்த பாடாங்கில் சர்க்கரை இறைக்கப்படுகின்றது. இவ்வழக்கு எந்தச் சான்றிதழிலும் இடம்பெறுவதன்று. ஆயினும் மார்க்கப் பெரியார்பால் கொண்ட பற்றும், பிறர்க்கு ஈதலும், அயலாரோடு கூடி மகிழ்தலும் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த விருந்தோம்பலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

7. வழக்கு வேறாகிய நிலங்கள்

மேற்குச் சுமத்திரா முழுவதும் மினாங்கபாவ் நாடன்று. அம்மாநிலத்தைச் சார்ந்த மெந்தாவாய்த் தீவுகளின் மக்கள் பெரும்பாலும் கிறித்தவர். அவர்தம் பழைய வழக்கில் 'ஊமா' என்னும் நெடுமனையும், பன்றி அறுத்துப் பகிர்ந்துண்ணும் விழாவும் இன்றியமையா இடம் பெறுவன. அலைமேற் சறுக்கி விளையாடுவோர் பல நாடுகளினின்றும் அத்தீவுகளை நாடி வருகின்றனர். 2022-ஆம் ஆண்டின் 17-ஆம் எண்ணுடைய சட்டம், முன்னர்க் கூறிய முதுமொழியை மேற்குச் சுமத்திராவின் பண்பாட்டு அடிப்படையாகக் குறிப்பிட்டபோது, தம் வழக்கு விடுபட்டமை குறித்து மெந்தாவாய் மக்களிடையே எதிர்ப்புக் குரல் எழுந்தது.

வட சுமத்திராவின் தோபா ஏரிப் பகுதியிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அங்கு வாழும் பத்தாக்கு மக்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். விழாக்களில் அறுத்த விலங்கின் உறுப்புகளை உறவுமுறைக்கேற்பப் பகிர்ந்தளித்தல் அவர்தம் அடிப்படை வழக்குகளுள் ஒன்று. அவ்விலங்கு பெரும்பாலும் பன்றியே. 2019-இல் அப்பகுதியில் ஹலால் சுற்றுலா ஏற்பாடு பற்றிய கருத்தினை மாநில ஆளுநர் வெளியிட்டபோது, மக்கள் கடுமையாக எதிர்த்தனர். முசுலிம் பயணிகளுக்கு வேண்டிய உணவகமும் தொழுமிடமும் அமைத்தலே நோக்கம் என விளக்கம் கூறப்பெற்றது. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் ஏரிக்கரையில் பன்றி விழா ஒன்று நடத்தப்பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் முற்கூறியவற்றோடு ஒப்பிடுக. ஹலால் சுற்றுலாவின் விதிகள் மூன்றிடத்தும் ஒன்றே. மினாங்கபாவ் நாட்டில் அவை வரவேற்கப்பெற்றன. ஏனைய இரண்டிடத்தும் ஐயுறப்பட்டன. விதிகளில் வேறுபாடில்லை எனின், விளைவில் வேறுபாடு வந்தது வழக்கினால் என்பது தேற்றம். மினாங்கபாவ் நாட்டில் 'ஹலால்' என்பது ஏற்கெனவே வாழும் வாழ்க்கைக்கு இடப்பெற்ற புதுப்பெயர். பிறவிடங்களில் அது புறத்தேயிருந்து வரும் கட்டளையாகத் தோன்றிற்று. வரும் முசுலிமுக்கு ஆகுமான உணவு கிடைக்குமாறு செய்தல் விருந்தோம்பல். விருந்தளிப்போரின் உணவை மறைக்குமாறு வேண்டுதல் அதனின் வேறானது. இவ்விரண்டிற்குமிடையே உள்ள வரம்பினைப் பேணாவிடின், நல்ல நோக்கமும் பூசலாக முடியும்.

8. முத்திரையும் நம்பிக்கையும்

வழக்கே போதுமெனின் முத்திரை வேண்டியதில்லையே எனின், அற்றன்று. 1988-ஆம் ஆண்டில், கடைகளில் விற்கப்பெறும் உணவுப்பண்டங்கள் சிலவற்றில் பன்றிக் கொழுப்புக் கலந்துள்ளது என்னும் செய்தி இந்தோனேசியாவைக் கலக்கிற்று. அதனை அடுத்து 1989-இல் உலமாக்கள் பேரவை உணவாய்வுக்கென ஓர் அமைப்பை நிறுவியது. தொழிற்சாலைகளில் செய்யப்பெறும் பண்டங்களின் உட்பொருளை வழக்கறிவால் அறிதல் இயலாது. ஊர்ச்சந்தையில் அறுப்பவரையும் அறிந்து, சமைப்பவரையும் அறிந்து வாங்கிய காலத்து நம்பிக்கை, முகமறியாத வணிகத்திற்குப் பொருந்தாது. 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் எண்ணுடைய சட்டம் ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுவே. உணவு, குடிப்பொருள்களுக்கு இக்கட்டாயம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சிறுதொழில் செய்வார்க்கு 2026 அக்டோபர் வரை காலம் நீட்டிக்கப்பெற்றது.

ஆயின் இதனால் விளையும் இடர்ப்பாட்டையும் கருதுதல் வேண்டும். முத்திரை, உணவின் உட்பொருளை ஆராயும். உணவிடும் முறையை ஆராயாது. பெரிய விடுதி எளிதில் முத்திரை பெறும். நகரியில் விறகடுப்பில் ரெந்தாங் சமைக்கும் முதியவளுக்கு விண்ணப்பமும் ஆய்வும் சுமையாகும். தலைமுறை தலைமுறையாக ஆகுமான உணவென்று ஊரார் நம்பி உண்ட அவள் கைச்சமையல், தாளில்லாமையால் ஐயத்திற்குரியதாகவும், வழக்கறியாத விடுதியின் உணவு தாளுண்மையால் நம்பிக்கைக்குரியதாகவும் கொள்ளப்படுமாயின், மதிப்பீடு தலைகீழாகும். முத்திரை, வழக்கிற்குத் துணையாக வருதல் வேண்டும். வழக்கினது இடத்தைக் கவர்தலாகாது. காலநீட்டிப்போடு நில்லாமல், இத்தகையோர்க்குச் சான்றிதழ் பெறும் வழியை எளிதாக்குதலும் அரசின் கடனாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஹலால் சுற்றுலாவின் எல்லையை ஷரீஅத் வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் அதற்கு உருவும் சுவையும் தருவது உள்நாட்டு வழக்காறு. மினாங்கபாவ் மக்களின் தாய்வழி முறை, நெடுங்காலப் பூசலுக்கும் ஆராய்ச்சிக்கும் பின்னர் மார்க்கத்தோடு இணக்கம் கண்டமையால், இல்லத்திலும் உணவிலும் விழாவிலும் மார்க்கநெறி அங்கு இயல்பாக விளங்குகின்றது. அதுவே அந்நாட்டைப் பயணிகள் நாடுதற்குக் காரணம். அத்தகைய இணக்கம் இல்லாத நிலங்களில் அதே ஏற்பாடு ஐயத்தையும் எதிர்ப்பையும் விளைவித்தது. பயணிகளின் வரவும் சான்றிதழ் முறையும் வழக்கினைத் தாங்கவும் கூடும், சிதைக்கவும் கூடும்.

ஷரீஅத் சொல்லும், வழக்கு அதனைப் பூணும் என்பது அம்மக்களின் மற்றொரு முதுமொழியின் கருத்து. பூணுதற்கு ஓர் உடல் வேண்டும். அவ்வுடலாகிய ஊரும் இல்லமும் அவற்றை ஆளும் மக்களும் தம் உரிமையோடு வாழுங்காறுமே, வருவோர் காண்பதற்கும் கற்பதற்கும் அங்கு ஏதேனும் இருக்கும். தூண் கல்லின்மேல் நிற்கின்றது. ஆயின் விருந்தினர் வந்து தங்குவது கல்லில் அன்று, வீட்டில் என்பதை மறத்தலாகாது.